பேய் வீட்டில் பாகப்பிரிவினை: காமெடி டப்பிங் தொடங்குவோருக்கு

பழைய பேய்ப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் காட்சிகளை அப்படியே வைத்து, குரல்களை மட்டும் கழற்றிவிட்டு வேறொரு கதையைப் பேச வைப்பதுதான் காமெடி டப்பிங். ஓடும் படத்தின் மேல் கிண்டலாக வர்ணனை சொல்வது வேறு கலை. வசனத்தை மாற்றி சப்டைட்டில் போடுவதும் வேறு. இங்கே பார்வையாளருக்கு அந்த நடிகரே இதைச் சொல்கிறார் என்ற மயக்கம் வரவேண்டும். அந்த மயக்கம் அரை நொடி கலைந்தால்கூட சிரிப்பு போய்விடும்.

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு டப்பிங் தூரத்துச் சொந்தம் இல்லை. இங்கே பிறந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார், கன்னடத்தில் வந்த அரிச்சந்திரன் கதைப் படத்தை 1944-இல் தமிழ் பேச வைத்து வெளியிட்டார். ஓர் இந்திய மொழியிலிருந்து இன்னொன்றுக்கு டப் செய்யப்பட்ட முதல் படம் என்று அதைத்தான் சொல்வார்கள். அதையடுத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் ஓலைக் கொட்டகைகள் போட்டு அவர் ஸ்டூடியோ நடத்தினார். அங்கே உருவான படம் 1947-இல் வந்த ‘நாம் இருவர்’.

கதையையே மாற்றிப் பேச வைக்கும் வேலைக்கு 1966-இல் வந்த ஓர் அமெரிக்கப் படம் நல்ல உதாரணம். வுடி ஆலன் ஒரு ஜப்பானிய உளவாளிப் படத்தை எடுத்து, அதில் துப்பாக்கியும் கையுமாக அலைகிறவர்கள் எல்லாரும் உலகத்தின் ஆகச்சிறந்த முட்டை சாலட் செய்முறையைத் தேடுவதாக மாற்றிவிட்டார். மொத்தச் சூத்திரமும் இதற்குள் இருக்கிறது. திரையில் தெரியும் பதற்றத்தில் கை வைக்கக் கூடாது. பதற்றத்தின் காரணத்தை மட்டும் சின்னதாக்க வேண்டும்.

மலிவான பேய்ப் படங்கள் இதற்கு ஏன் இவ்வளவு தோதாக இருக்கின்றன? அவற்றில் ஒரு வீடு, நாலைந்து அறைகள், ஏழெட்டு மனிதர்கள்தான் இருப்பார்கள். கேமரா அதிகம் நகராது. பாதி முகம் இருட்டில் இருக்கும். எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டு பத்து நொடி சும்மா நிற்பார்கள். முதுகு காட்டிப் பேசுவார்கள். இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் டப்பிங் எழுதுபவருக்குக் கிடைத்த இடம். முகத்துக்கு முகம் குளோஸப் வைத்த பெரிய பட்ஜெட் படத்தில் இந்த இடம் கிடைக்காது.

எந்தப் படம்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அதாவது 1959-இல் வந்த படத்துக்கு 2019 முடிவோடு உரிமைக்காலம் முடிந்தது. ஆனால் பாட்டு, கதை போன்றவற்றை எழுதியவரின் உரிமை அவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் நீளும். ஆகவே பாட்டு உள்ள பழைய தமிழ்ப் படத்தைப் பாட்டோடு எடுத்துப் போடுவது ஆபத்து. தமிழில் வந்த மலிவுப் பேய்ப் படங்களில் பெரும்பாலானவை எழுபதுகளுக்குப் பிறகு வந்தவை. அவற்றுக்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு ஏற்றது ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’. 1959-இல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 75 நிமிடம் ஓடும். வில்லியம் கேஸில் இயக்கியது. அமெரிக்காவில் அதன் உரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததால் அங்கேயும் அது யாரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்து. பின்னாளில் வண்ணமேற்றி வந்த பதிப்புகளைத் தொடாமல், பழைய கறுப்பு வெள்ளைப் பிரதியையே எடுங்கள். அப்படி எடுத்தாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை சில சமயம் இசைக்காக உரிமை கோரும். மறுப்புத் தெரிவிக்கப் பிரதி எங்கே எடுத்தது, படம் எந்த ஆண்டு வந்தது என்ற விவரத்தை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். பணக்காரர் ஒருவர் ஒரு பழைய மாளிகைக்கு ஐந்து பேரை அழைக்கிறார். நள்ளிரவில் கதவுகள் பூட்டப்படும். விடியும்வரை உயிரோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கு 10,000 டாலர். இதைக் கேட்ட மாத்திரத்தில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற செட்டிநாட்டு ஊர்க்காரர் ஒருவருக்கு என்ன தோன்றும்? ஐந்து பங்காளிகள், ஒரு பெரிய வீடு, ராத்திரிக்குள் முடிக்க வேண்டிய பாகப்பிரிவினை. வேறு கதை தேட வேண்டியதே இல்லை.

ஒரே காரணம், கடைசிவரை

ஒரு பயத்துக்குப் பதில் ஒரு காரணம். அதை முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு, முடியும்வரை மாற்றாமல் இருக்க வேண்டும். காட்சிக்குக் காட்சி புதுப்புது நகைச்சுவை வைப்பதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்கிற தவறு. பேய் ஒருமுறை கேபிள் டிவிக்காரர், அடுத்தமுறை மாமியார் என்றால் மூன்றாவது நிமிடத்தில் பார்ப்பவர் சோர்ந்துவிடுவார். காரணம் ஒன்றாகவே இருந்தால் எட்டாவது நிமிடத்தில் ஒரு கதவு திறந்தாலே சிரிப்பு வரும்.

பாகப்பிரிவினைக் கதையையே வைத்துப் பார்ப்போம். விருந்தினர்களை வரவேற்கும் வீட்டுக்காரர் படத்தில் நிதானமாக, மரியாதையாகப் பேசுவார். அந்த நிதானத்தை அப்படியே வைத்துக்கொண்டு:

“பன்னெண்டு மணிக்குக் கதவைப் பூட்டிருவோம். கையெழுத்துப் போட்டவுகளுக்குத்தான் காலையில இடியாப்பம்.”

“அண்ணே, வீட்டுல தூண் எத்தனை?”

“போன வருசம் இருபத்தி நாலு. இப்ப எண்ணிக்கிட்டு இருக்கோம்.”

படத்தில் எந்நேரமும் குடித்தபடி, வீட்டில் பேய் இருக்கிறது என்று எல்லாரையும் எச்சரித்துக்கொண்டே இருக்கும் ஒருவர் உண்டு. அவருடைய வெளிறிய முகத்துக்கு ஒரே வசனம் போதும்: “இந்த வீட்டுல ராத்திரியானா... தூண் கொறையுது.” பழைய வீட்டுத் தூண்கள் விலைக்கு வரும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. இளம்பெண் நிலவறையில் இருக்கும்போது ஒரு கிழவி காலே அசையாமல் தரையில் சறுக்கிக்கொண்டு போவாள். படத்திலேயே ஆகப் பயங்கரமான இடம் அதுதான். பெண்ணின் அலறலை அப்படியே விட்டுவிட்டு, அலறல் முடிந்ததும்: “பாத்து ஆச்சி! நேத்துத்தான் தரைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தொடைச்சாக.” ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் எண்ணெய்த் துணியால் துடைத்த தரையில் கால் வைத்தவர்களுக்கு அந்தச் சறுக்கல் நன்றாகவே தெரியும்.

கடைசியில் வரும் எலும்புக்கூடு? ரங்கூனிலிருந்து வர வேண்டிய மூத்த பங்காளி. “கையெழுத்து எங்க போடணும்?”

முதல் முயற்சியில் 75 நிமிடத்தையும் எடுக்க வேண்டாம். நாலு நிமிடம் ஓடும் ஒரு காட்சி போதும்.

வசனத் தாள்

எழுதுவதற்கு முன்னால் அந்த நாலு நிமிடத்தை ஒலியில்லாமல் மூன்று முறை பாருங்கள். மூலக்கதை மறந்துபோகும், முகங்கள் மட்டும் மிஞ்சும். பிறகு ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள். பேசத் தொடங்கும் நேரம், முடியும் நேரம், யார், உதடு தெரிகிறதா இல்லையா, உதடு ஒட்டும் இடங்கள். நேரத்தை நிமிடம், நொடி, ஃபிரேம் என்று குறிக்க வேண்டும். ஃபிரேம் என்பது ஓடும் படத்தின் ஒரு தனிப் படம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரணப் பேச்சுத் தமிழில் நொடிக்கு ஆறு அசை வைத்துக்கொள்ளலாம். இங்கே அசை என்பது யாப்பின் அசை இல்லை, ஓர் உயிரொலியைச் சுற்றி ஒலிக்கும் துண்டு: போங்-க என்றால் இரண்டு. இரண்டு நொடி வாய் அசைந்தால் பன்னிரண்டு அசைக்குள் எழுத வேண்டும். “கையெழுத்துப் போட்டுட்டுத் தூங்கப் போங்க” பதினோரு அசை, உட்காரும். ஆங்கிலத்தில் ஓரசைச் சொல் ஏராளம். நம்முடைய சொற்கள் விகுதி ஏறி நீள்பவை. நேரடியாகப் பொருள் கொண்டுவந்தால் எப்போதுமே வசனம் வாயைத் தாண்டி வழியும். காமெடி டப்பிங்கில் பொருளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதால், கணக்குக்கு ஏற்ற வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது.

உதடு

எல்லா எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. முதல் அசை, கடைசி அசை, நடுவில் உதடு ஒட்டும் இடம். குளோஸப்பில் இந்த மூன்றும் பொருந்தினால் கண் மீதியை மன்னித்துவிடும். உதடு ஒட்டுவது ப, ம இரண்டுக்கும். மேல்பல் கீழுதட்டில் படும் ஆங்கில ஒலிகளுக்கு வகரம் கைகொடுக்கும். குவிந்த உதட்டுக்கு உ, ஒ. விரிந்த உதட்டுக்கு இ, எ.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. தாளில் “வேணாம்”, “போகலாம்” என்று எழுதினால் கடைசியில் மகர மெய் இருக்கிறது, உதடு ஒட்டும் என்று தோன்றும். பேசிப் பாருங்கள். பேச்சில் சொல்லின் கடைசி ‘ம்’ மூக்கொலியாகிவிடுகிறது, உதடு திறந்தே இருக்கும். திரையில் உதடு மூடியிருக்க, காதில் திறந்த ஒலி கேட்கும். உதடு உண்மையாகவே ஒட்ட வேண்டுமானால் மகரமோ பகரமோ சொல்லின் நடுவில் வர வேண்டும்: அம்மா, சும்மா, தம்பி, ரொம்ப, செம்பு, அப்பச்சி. சொந்தமுறையை விளிக்கும் சொற்களில் இவை நிறைய இருப்பது நமக்கு வசதி. வசனத்தின் தொடக்கத்திலோ நடுவிலோ ஒரு “தம்பி”யைப் போட்டு உதட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடலாம். அப்பச்சி, ஆச்சி, அயித்தை என்று யார் யாரை எப்படி விளிப்பார்கள் என்பதில் மட்டும் தவறு வரக் கூடாது. உதட்டுக்காக முறை மாறினால் இந்தப் பக்கத்துப் பார்வையாளர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

இழுக்க வேண்டிய இடத்துக்கு வட்டார வழக்கே உதவும். சொன்னாக, வந்தாக, போட்டுட்டாக: கடைசி அசை திறந்து முடிவதால் படத்து வாய் இன்னும் நாலு ஃபிரேம் திறந்திருந்தாலும் நீட்டிக்கொள்ளலாம்.

வினைமுற்று கடைசியில் வரும் மொழி தமிழ். “இந்த வீட்டுல ராத்திரியானா தூண்...” என்பதுவரை பேய்க்கதைதான், “கொறையுது” என்ற சொல்லில்தான் கதை திரும்புகிறது. அந்தச் சொல் அடுத்த ஷாட்டுக்கு வெட்டுவதற்கு ஏழெட்டு ஃபிரேம் முன்பாக விழுந்துவிட வேண்டும். வெட்டின் மேலேயே விழுந்தால் கண் புதிய முகத்துக்குப் போயிருக்கும், காது சொல்லைத் தவறவிடும். நீளமான விளக்கங்களை முதுகு காட்டும் ஷாட்டில் வையுங்கள்.

எங்கே பதிவு செய்வது

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில், உட்கார்ந்து பதிவு செய்யவே கூடாது. முட்டை வெள்ளை சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், கல் தரை, உயரமான கூரை, நடுவில் திறந்த முற்றம். ஒலியை உறிஞ்ச அங்கே எதுவுமே இல்லை. ஒரு கைதட்டு தட்டிப் பார்த்தால் தூண்களைச் சுற்றிவிட்டு வந்து சேரும். அந்த எதிரொலி குரலோடு பதிவாகிவிட்டால் எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது.

வளவைச் சுற்றியுள்ள சிற்றறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சன்னல் சின்னதாக, சுவர் தடிமனாக இருப்பதால் தெருச் சத்தம் குறைவு. உள்ளே எதிரொலியைக் கொல்ல இலவம் பஞ்சு மெத்தைகள் மூன்று போதும். பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. முதுகுப் பக்க மெத்தைதான் முக்கியம், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தச் சுவரை. கோரைப் பாயைத் தொங்கவிடுவதால் கூர்மையான ஒலிகள் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். தடிமன் வேண்டும்.

மின்விசிறியை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஓடும்போது வரும் ரீங்காரமும் பதிவாகும். ஆகவே மின்சாரம் போன நேரத்தில் பதிவைத் தொடராதீர்கள். விசிறி இல்லாத அறையில் மெத்தைகளுக்கு நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் யாராலும் நல்ல குரலில் பேச முடியாது என்பதால் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோயில் விழாக் காலத்திலும் முகூர்த்த நாட்களிலும் இரவு 10 மணிக்குப் பிறகு உட்காருங்கள். சட்டப்படி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு.

மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றே ஓரமாக இருக்கட்டும். நேராக வைத்தால் பகரம் ஒவ்வொன்றும் காற்றாக வந்து அடிக்கும். பதிவு மென்பொருளில் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். உரக்கப் பேசும்போது அதில் ஒலியளவு காட்டும் அளவுகோல் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். அலறல் வரும் வசனத்தைத் தனியாக, மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்று எடுங்கள். ஒவ்வொரு நாளும் யாரும் பேசாமல் அந்த அறையை மட்டும் 30 நொடி பதிவு செய்து வையுங்கள். ரூம் டோன் எனப்படும் அந்த வெறுமை பிறகு வசனங்களுக்கு இடையில் நிரப்பத் தேவைப்படும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் இருக்கும்.

பேசுபவர் சிரிக்கவே கூடாது. குரலில் ‘நான் காமெடி பண்ணுகிறேன்’ என்ற குழைவு ஏறிய உடனே மாயம் கலைந்துவிடும். படத்து நடிகர் எவ்வளவு பயப்படுகிறாரோ அதே அளவு தூணுக்காகப் பயப்பட வேண்டும். ஆறேழு டேக்குக்குப் பிறகு சிரிப்பு ஓய்ந்து, அலுப்பும் கவலையுமாக வரும் டேக்தான் பெரும்பாலும் ஆகச் சிறந்தது. புகழ்பெற்ற நடிகர்களின் குரலை ஏஐ கொண்டு நகல் எடுத்துப் போடுவது இன்று சுலபம். அது அவர்களுடைய பிழைப்பின் மேல் கைவைப்பது, செய்யாதீர்கள். வீட்டிலுள்ள ஆச்சியின் குரலுக்கு இருக்கும் கனம் எந்த நகலுக்கும் வராது.

ஒலிகள்

பழைய படங்களில் பேச்சு, இசை, கதவுச் சத்தம் எல்லாம் ஒரே ட்ராக்கில் கலந்திருக்கும். பேச்சை நீக்கினால் மீதியும் சேர்ந்து போகும். அல்டிமேட் வோக்கல் ரிமூவர் போன்ற இலவச மென்பொருள்கள் குரலைப் பிரித்துத் தரும். ஆனால் பழைய தேய்ந்த ஒலியில் குரலின் நிழல் மிஞ்சும், இசை தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகும். வசனமே இல்லாத இடங்களில் மூல ஒலியை வைத்துக்கொண்டு, வசனம் வரும் இடங்களில் நாமே புதிதாக ஒலிகளைச் செய்து சேர்ப்பதுதான் சுத்தமான வழி. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் தையலை ஒரு கதவடியிலோ அலறலிலோ ஒளித்துவிடலாம்.

இங்கே செட்டிநாட்டு வீடு ஒரு புதையல். நூறு வருசத்துத் தேக்குக் கதவை மெதுவாகத் திறந்தால் ஒரு முனகல், வேகமாகத் திறந்தால் இன்னொன்று. பெரிய இரும்புச் சாவி திரும்பும் சத்தம், தாழ்ப்பாள், ஊஞ்சல் சங்கிலி, மாடிப் பலகை. கதவுகளுக்கு எண்ணெய் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுங்கள். எலும்பு முறிய வாழைத்தண்டை மைக்குக்குப் பக்கத்தில் ஒடிக்கலாம். எலும்புக்கூடு நடக்கப் பல்லாங்குழிச் சோழிகளைத் துணிப்பையில் போட்டு அசைத்தால் போதும். தேன்குழலை ஒடித்தால் எலும்பு மாதிரி இருக்காது. அது தேன்குழல் மாதிரியேதான் கேட்கும். அந்த முறிவில் ஈரம் இல்லை.

பதிவுக்கு ஆகாத வளவு, ஒரே ஒரு வேலைக்கு ஆகும். மெத்தை அறையில் எடுத்த பேய்க் குரலை வளவின் ஒரு மூலையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, எதிர் மூலையில் மைக் வைத்துத் திரும்பப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் கலந்துகொள்ளலாம். கணினியில் சேர்க்கும் எதிரொலி எதுவும் இதற்கு ஈடாகாது.

கலவை

புதிதாக எடுத்த குரல் பளிச்சென்று இருக்கும், படம் 1959-இல் இருக்கும். இரண்டும் ஒட்டாது. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிப் பாருங்கள். குரல் உடனே அந்தக் காலத்துக்குப் போய்விடும். மூலப் படத்தின் இரைச்சலை ஓர் அமைதியான இடத்திலிருந்து எடுத்து அடியில் மெல்லியதாக ஓடவிடுங்கள். எல்லாம் மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒரே ஒலித்தடம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இவ்வளவும் செய்யலாம். குரல் மட்டும் என்றால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் போதும்.

குரல் படத்தைவிட ஒரு ஃபிரேம் முந்தினாலும் கண் பிடித்துவிடும். இரண்டு ஃபிரேம் பிந்தினால் பெரும்பாலும் தெரியாது. வாழ்க்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது, கண்ணுக்கு அது பழக்கம். சந்தேகம் வந்தால் பின்னால் தள்ளுங்கள்.

தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய குரல் போகப்போக விலகினால் உதட்டைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள், பிரதியைச் சோதியுங்கள். சில பிரதிகள் நொடிக்கு 24 ஃபிரேம், சில 25. 75 நிமிடப் படம் 25-இல் ஓடினால் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பிரதியைப் பார்த்து வசனத் தாள் எழுதி, வேறு பிரதியில் எடிட் செய்தால் நாலு நிமிடக் காட்சியிலேயே பத்து நொடி விலகும். போனில் திரைப்பதிவு செய்த கோப்பு இன்னும் மோசம், அதில் ஃபிரேம் வேகம் நிலையாகவே இருக்காது. ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முடித்ததும் போன் ஸ்பீக்கரில் போட்டு, மூலப் படத்தைப் பார்க்காத ஒருவருக்குக் காட்டுங்கள். அவர் எங்கே சிரிக்கிறார் என்பதைவிட எங்கே “என்ன சொன்னாக?” என்று கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இசை உரக்க இருக்கிறது, அல்லது வசனம் வெட்டின் மேல் விழுகிறது. படத்தின் தொடக்கத்தில் மூலப் படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், நடிகர்கள் பெயரைப் போட்டு, குரலும் கதையும் மட்டுமே புதியவை என்று ஐந்து நொடி நிற்கும் ஓர் அட்டை வையுங்கள்.